இடப்பக்க முன் கதவு

அக்டோபர் 24, வெள்ளி

காலைப் பூசை. முதல் வாசகம் வாசித்த பெண் 'பழி' என்பதை 'பலி' என்று வாசித்தாள். பொருளே மாறிவிட்டது. கோவிலில் ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை.

வீட்டுக்கு வந்து காரைப் போர்ட்டிகோவில் நிறுத்திப் பூட்டினேன். நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்தேன். சாவியைக் கொக்கியில் மாட்டினேன். குரோட்டன்ஸ் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது காருக்குள்ளிருந்து 'டக்' என்று சத்தம் வந்தது. நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம். ஏற்கெனவே பூட்டியிருக்கும் கதவுகள் மறுபடி எதைப் பூட்டுகின்றன?

தெருவில் யாருமில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், சாவி கொக்கியில்தான் இருந்தது. குழாயை மூட மறந்ததால் படி வரை தண்ணீர். செருப்பு நனைந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

தங்கை செலின் போன் செய்தாள். அவளுக்குக் கண்புரை அறுவை நவம்பர் 12 என்று முடிவாகிவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரி. நான்தான் காரில் அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "நிஜமாவா அக்கா? ஹைவேல?" என்றாள். இருபத்து மூன்று வயதில் அப்பாவின் காரில் உரிமம் வாங்கியவள் நான். நடுவில் ஓட்டவில்லை, அவ்வளவுதான். வீட்டில் ஒருவர் ஓட்டினால் போதும் என்று என் கணவர் நினைத்தார். தவக்காலத்தில் அவர் இறந்தபின் டிரைவிங் ஸ்கூலில் ஒரு மாதம் போய் மறுபடி பழகிக்கொண்டேன்.

இந்த நாட்குறிப்பை இப்போது யாரும் வாசிப்பதில்லை. ஆனாலும் கையெழுத்து கோணக் கூடாது. அவர் ஞாயிறு மாலைகளில் இதை வாசிப்பார். எழுத்து எங்காவது சாய்ந்திருந்தால் அங்கே விரலை வைத்து, "பெர்பெத்துவா, இங்கே என்ன அவசரம்?" என்று கேட்பார். என் கையெழுத்து இன்றும் அழகாக இருப்பதற்கு அதுவே காரணம்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கெபி அருகே பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். தனியாகக் கார் ஓட்டி வருவதில் எல்லோருக்கும் ஆச்சரியம். பிறகு பேச்சு வழக்கம்போல் அவரிடம் போனது.

"அலோசியஸ் சார் மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க முடியுமா? மழைன்னாலும் வெயில்னாலும் சுத்தி வந்து டீச்சருக்குக் கதவைத் திறந்து விடுவாரு. எங்க வீட்ல உள்ளது, நான் இறங்குறதுக்கு முன்னாடி வண்டியை எடுத்திரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீச்சர் அல்ல. என் தமிழைக் கேட்டு அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

உண்மைதான். இந்தக் காரை வாங்கியதிலிருந்து அவர் போகும்வரை நான் ஒருநாளும் என் கதவை நானே திறந்ததில்லை. கான்வென்டில் மதர் ஆக்னஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, கதவு திறக்கப்படும்வரை காத்திரு. என்னுடன் படித்த பெண்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாடம் பயன்பட்டிருக்கும்? எனக்குப் பயன்பட்டது.

கார் வந்த முதல் மாதத்திலேயே இடப்பக்க முன் கதவின் உள் கைப்பிடி பழுதாகிவிட்டது. நான் அதை வேகமாக இழுத்துவிட்டேன் என்றார். திட்டவில்லை. "உனக்கு எதற்கு? நான் திறக்கிறேன்" என்றார்.

பிற்பகலில் மூன்று முறை அந்தச் சத்தம்.

அக்டோபர் 27, திங்கள்

கார் எலக்ட்ரீஷியன் நயினார் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நிறுத்தாமல் பேசுகிறவர். தரையில் செய்தித்தாள் விரித்த பிறகுதான் பெட்டியை வைக்க விட்டேன்.

"எம்மா, இது பேயுமில்ல பிசாசுமில்ல. சென்ட்ரல் லாக்கு. ஒவ்வொரு கதவுக்குள்ளயும் ஒரு குட்டி மோட்டார் உக்காந்திருக்கு. அதுதான் பூட்டுது, அதுதான் திறக்குது. நம்மூர் உப்புக் காத்துல மனுஷனே துருப்பிடிச்சுப் போவான், மோட்டார் போகாதா?"

"பேய் என்று நான் சொல்லவில்லை."

"நீங்க சொல்லல. உங்க முகம் சொல்லுது."

நான்கு கதவின் உள் அட்டையையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அதை டோர் பேட் என்கிறார்கள்.

"இடப்பக்க முன் கதவைத் தொட வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா?"

"அது நன்றாக இருக்கிறது."

அவர் உள்ளே கையை விட்டு அந்தக் கைப்பிடியை இழுத்தார். அது தொளதொளவென்று ஆடியது. "இதுவா நல்லாருக்கு? ஆடுத பல்லு மாதிரில்ல இருக்கு."

"அதைத் தொட வேண்டாம் என்று சொன்னேன்."

குரல் சற்று உயர்ந்துவிட்டது போலும். நயினார் கையை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோட்டார் வாங்கி வந்து மற்றக் கதவுகளைப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

மற்றவர்கள் கை படாத ஒரு இடம் இருக்கலாம். அதில் தவறில்லை.

அக்டோபர் 29, புதன்

நயினார் ஓட்டுநர் கதவின் மோட்டாரை மாற்றினார். கையளவுதான் இருக்கிறது, கறுப்புப் பிளாஸ்டிக்கில், நுனியில் ஒரு கம்பி நாக்குப் போல நீட்டிக்கொண்டு. முன் கதவு இரண்டிலும் ஐந்து ஒயர் மோட்டார், பின் கதவுகளில் இரண்டு ஒயர் என்றார். "முன்னாடி உள்ளது ரெண்டும் பெரிய மனுஷன். அது உத்தரவு போடும். பின்னாடி உள்ளது கேட்டுக்கிட்டு நடக்கும்."

பழையதை எடுத்துக் காட்டினார். உப்புப் பூத்து வெளுத்திருந்தது. "இதுதான் கள்ளன். இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம்." எனக்குத் தூக்கத்தில் குறையில்லை என்றேன்.

புதிய மோட்டாரின் சத்தம் வேறுமாதிரி, கொஞ்சம் மெலிந்த சத்தம். நான்கைந்து முறை பூட்டித் திறந்து காட்டச் சொன்னேன். முதல் மூன்று முறை படியிலிருந்து கேட்டேன். பிறகு பக்கத்தில் போய் நின்றேன்.

மாலையில் தூறல். சத்தமில்லை.

அக்டோபர் 30, வியாழன்

அவருடைய துணிகளைப் பங்குக் கோவிலின் ஏழைகளுக்கென்று ஒதுக்கினேன். சட்டைகள், வேட்டிகள், கைக்குட்டைகள். கைக்குட்டைகள் நான் தைத்தவை. கல்யாணத்துக்கு முன்பே ஒரு டஜன் செய்து வைத்திருந்தேன். வெள்ளை மல் துணி, ஓரத்தில் நூல் உருவித் தையல், மூலையில் நீல நூலில் ஆங்கில 'ஏ'. மதர் ஆக்னஸ் அந்தத் தையலைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்து முடிச்சு தெரியவில்லை என்று மெச்சினார்.

டஜனில் ஒன்று குறையும். நான் சலவையில் தொலைத்தது. கவனக்குறைவு. அவர் கோபப்படவில்லை. விருந்தினர் வரும்போது மட்டும் சொல்லிச் சிரிப்பார்: "இவளை நம்பி ஒரு கைக்குட்டை கொடுக்க முடியாது."

அந்த நீலத்தில் தைப்பதை நான் விட்டுவிட்டேன்.

நவம்பர் 1, சனி

மழை. காலையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும். பழைய சத்தம்தான். புதிய மோட்டாரின் மெலிந்த குரலும் அதோடு சேர்ந்து ஒலிக்கிறது.

வாசிக்கும் நாற்காலியைப் போர்ட்டிகோ ஜன்னலருகிலிருந்து உள்ளறைக்கு மாற்றினேன். அங்கே வெளிச்சம் போதவில்லை. கண்ணுக்கு அது நல்லதல்ல. ஆனாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கை தானாக மடிக்குப் போகிறது.

அவருடைய தம்பி லாசர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "மதினி, இந்த வயசுல இது என்னத்துக்கு? அண்ணன் இருந்தா உங்களை ஓட்ட விடுவாகளா? வித்துருவோம். எங்க போகணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

நல்ல மனதோடுதான் சொல்கிறார். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதையும் லாசரிடம் சொல்ல வேண்டியிருக்கும். யோசிப்பதாகச் சொன்னேன்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் கல்லறையை முன்தினமே வெள்ளையடித்திருந்தார்கள். ஜெபித்தேன். தூறலில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. மூன்றாவது முறை நான் ஏற்றவில்லை.

காருக்கு வந்து என் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். உடனே நான்கு கதவுகளும் டக்.

பக்கத்திலிருந்த பூட்டுக் குமிழை மேலே இழுத்தேன். எழும்பியது. என் விரலை விட்டு நழுவி மறுபடி கீழே இறங்கியது. யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல. ஒரே ஒருமுறைதான் இழுத்தேன்.

பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடி மூச்சில் மங்கிவிட்டது. வெளியே ஆட்கள் மெழுகுவர்த்தியோடு போகிறார்கள், வருகிறார்கள். தெரிந்த முகங்களும் இருந்தன. ஒரு அம்மாள் குனிந்து பார்த்துக் கை அசைத்தாள். நானும் சிரித்துக் கை அசைத்தேன். கூட்டம் கரைந்து பூ விற்பவள் கூடையைத் தலையில் தூக்கும்வரை அப்படியே இருந்தேன். லாசர்தான் கண்ணாடியைத் தட்டினார்.

"மதினி, இன்னும் போகலையா? இறங்குங்க. என்னாச்சு?"

கண்ணாடியை இறக்கிச் சாவியைக் கொடுத்தேன். அவர் வெளியிலிருந்து திறந்தார்.

"ஹாரன் அடிச்சிருக்கலாம்லா?"

அடித்திருக்கலாம். கண்ணாடியை இறக்கி யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். சாவி என் கையிலேயே இருந்தது. நான் உட்கார்ந்திருந்தது ஓட்டுநர் இருக்கையில். வண்டியைக் கிளப்பி வீட்டுக்கே வந்திருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று லாசர் கேட்டார். மழை என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

காரை எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் இன்று தண்ணீர் குடிக்க மறந்துவிட்டேன். காரில் போகும் நாட்களில் குடிப்பதில்லை. பழக்கம். இறங்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது அல்லவா?

நவம்பர் 4, செவ்வாய்

லாசர் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். சனிக்கிழமை காலை காரைப் பார்க்க வருவார்களாம். செலினுக்கும் போன் செய்து கல்லறைத் தோட்டத்துக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

செலின் கூப்பிட்டாள். "அக்கா, பயமா இருந்தா வேண்டாம். வாடகைக் கார் பிடிச்சுப் போயிருவோம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நான் பயப்படவில்லை."

"நீ பயப்படலைன்னா எதுக்கு இவ்வளவு சுத்தமாப் பேசுத?"

அவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பன்னிரண்டாம் தேதி நானே ஓட்டுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. செலின் முன்னால்தான் உட்காருவாள், பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும். அவர் போன பிறகு அந்த இடப்பக்க இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை. என் கைப்பைதான் உட்கார்ந்து வருகிறது.

நவம்பர் 5, புதன்

நயினார் பின் கதவு இரண்டுக்கும் புது மோட்டார் போட்டார். வேலை முடித்து, பொருட்களைத் துடைத்து, கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மழை வலுத்தது. டக்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கள்ளனைப் பிடித்துவிட்டதாகச் சொன்னீர்களே" என்றேன்.

"பிடிச்சது கூட்டாளியம்மா. தலைவன் அந்தக் கதவுக்குள்ளதான் உக்காந்திருக்கான்." இடப்பக்க முன் கதவைக் காட்டினார்.

"அதை விட்டுவிட்டு ஏதாவது செய்ய முடியுமா?"

"சீக்கு ஒரு காலுல, கட்டு இன்னொரு காலுல போடச் சொல்லுதீங்க. என்னால முடியாதும்மா. மத்த மூணுக்கும் பண்ணியாச்சு. அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

கேலியாகத்தான் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. விரித்த செய்தித்தாள்களை அவரே மடித்து ஓரமாக வைத்திருந்தார்.

நவம்பர் 6, வியாழன்

காலை வெயிலில் காரைத் துடைத்தேன். இடப்பக்க முன் கதவைத் திறந்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கால் வெளியே தரையில். கதவைச் சாத்தவில்லை.

கூரைத் துணியில் ஒரு கறை இருக்கிறது, படகைக் கவிழ்த்து வைத்ததுபோல. அதன் விளிம்பை நான் பார்க்காமலே வரைவேன். டேஷ்போர்டில் ஒரு விரிசல், அது கிளை பிரியும் இடம் வரை எனக்குத் தெரியும். நான் காரில் காத்திருப்பது வழக்கம். அவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை இருக்கும், சங்கக் கூட்டம் இருக்கும், நண்பர்கள் இருப்பார்கள். நான் உள்ளே வந்தால் மற்றவர்களுக்குச் சங்கடம் என்பார். சில நாள் வேலை எதுவுமில்லாமலும் பூட்டிவிட்டுப் போவார். முந்தின நாள் நான் ஏதாவது அதிகமாகப் பேசியிருப்பேன். திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டு, கையை நீட்டி என்னை இறக்கிவிடுவார். பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள்.

எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும்.

கதவுக்குள் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததில்லை என்று எழுத வந்தேன். அது சரியல்ல. யோசிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பழுதான கைப்பிடியை அவர் ஒருமுறைகூடச் சரிசெய்ய முயலவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டில் ஒரு கீல் கிறீச்சிட்டாலும் அன்றே எண்ணெய் விடுகிறவர் அவர்.

செலினை இந்த இருக்கையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவதை நினைத்துப் பார்த்தேன். கண்ணில் கட்டோடு.

நயினாருக்குப் போன் செய்தேன். "நாளை வந்து திறந்துவிடுங்கள்" என்றேன்.

"எந்தக் கதவும்மா?" என்று தெரியாததுபோல் கேட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

நயினார் ஸ்குரு கழற்றும்போதே நிறுத்திவிட்டார்.

"இதை ஏற்கெனவே யாரோ கழட்டியிருக்காங்க. இது கார் ஸ்குருவே இல்ல. மரத்துக்குப் போடுறது."

வீட்டில் என் கணவருடைய மரப்பெட்டியில் அளவுவாரியாகப் பிரித்து வைத்த மர ஸ்குருக்கள் உண்டு. நான் படியில் நின்றிருந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அட்டை கழன்று வந்தது. நயினார் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பாருங்கம்மா. இந்த ஸ்குரு நீளம் அதிகம். உள்ள வந்து ஒயரைக் குத்திக்கிட்டு நிக்கி. ஈரம் பட்டா ஒயரு கார் பாடித் தகரத்துல ஒட்டுது. ஒட்டுனா 'பூட்டு'ன்னு உத்தரவு போகுது. நாலு கதவும் கேட்டுப் பூட்டுது. மோட்டாரும் துருப்பிடிச்சிருக்கு, ஆனா வினை இந்த ஸ்குருதான்."

"கைப்பிடி?"

"கைப்பிடி பழுதே ஆகலம்மா." அவர் குரல் இறங்கியிருந்தது. "கைப்பிடியில இருந்து பூட்டுக்கு ஒரு கம்பி போகும். அதை வேணும்னே கழட்டி ஓரமா ஒயரால கட்டி வச்சிருக்கு. ஆடிச் சத்தம் போடக் கூடாதுன்னு நுனியில துணியும் சுத்தியிருக்கு. நேர்த்தியான வேலை."

துணியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். கறுத்திருந்தது. ஒரு மூலையில் நீல நூல். கையெழுத்தை அடையாளம் காண்பதுபோல என் தையலையும் நான் அடையாளம் காண்பேன். திருப்பிப் பார்த்தேன். முடிச்சு தெரியவில்லை.

நயினார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளைங்க உள்ள வீடுகள்ல இப்படிச் செய்வாங்க. ஓடுற வண்டியில சின்னப் பிள்ளை கதவைத் திறந்திரும்னு."

"எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அந்த மனிதருக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார். "கம்பியை மாட்டவாம்மா? இல்ல இருந்த மாதிரியே விடவா?"

நான் ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்று தெரியவில்லை. கெபி அருகே நின்று சிரித்த பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இத்தனை வருடம் அவர்கள் முன்னால் நான் இறங்கிய விதம், நிமிர்ந்து, அவர் கையைப் பிடித்து. அந்தக் கம்பியை மாட்டினால் அந்த நாட்களெல்லாம் என்ன ஆகும்?

"மாட்டுங்கள்" என்றேன்.

புது மோட்டார் வைத்து, ஒயரைச் சுற்றி டேப் ஒட்டி, சரியான ஸ்குரு போட்டு அட்டையை மூடினார். "உள்ள உக்காந்து ஒருதரம் திறந்து பாருங்கம்மா" என்றார். நாளைக்கு என்றேன்.

கையெழுத்து கோணியிருக்கிறது.

நவம்பர் 8, சனி

காலை உணவுக்குப் பிறகு போர்ட்டிகோவுக்குப் போனேன். ரிமோட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். இரண்டு கால்களும் உள்ளே. கதவைச் சாத்தினேன்.

தலைக்கு மேல் கறை. எதிரே விரிசல். வாடை கூட மாறவில்லை, வெயிலில் சூடேறிய ரெக்சின் வாடை. ரிமோட்டை அழுத்த விரல் கேட்கவில்லை. என் விரல், என் கார், என் வீட்டு வாசல். பட்டப்பகல். இருந்தும் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி நடுவில் வரிகள் மறந்து போயின. எழுபத்தோரு வயதில் அந்த ஜெபம் மறக்குமா? மறந்தது.

அழுத்தினேன். டக்.

கைகள் மடிக்குப் போய்விட்டன. எப்போது போயின என்று தெரியாது. முதுகு நிமிர்ந்திருந்தது. வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. யாரும் வரப்போவதில்லை. அதைப் புரிந்துகொள்ள ஏன் அவ்வளவு நேரம் ஆனது? கல்லறையில் இரண்டு முறை மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவள் நான்.

அப்போது லாசரின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது, பின்னால் காரை வாங்க வந்த ஆள். லாசர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "ஐயோ, மறுபடியும் மாட்டிக்கிட்டீங்களா? அசையாதீங்க மதினி, நான் திறக்கேன்."

வெளியே அவர் கை நீண்டது. நான் குமிழை இழுத்தேன். அது மேலேயே நின்றது. கைப்பிடியை இழுத்தேன். அதற்குள் ஒரு எடை இருந்தது. மறுமுனையில் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டு நகர்வது விரலுக்குத் தெரிந்தது. கதவு திறந்து லாசரின் முழங்காலில் பட்டது.

மன்னிப்புக் கேட்டேன். வந்தவருக்குக் காபி கொடுத்தேன். கார் விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன்.

"அண்ணன் ஆசையா வச்சிருந்த வண்டின்னு மனசு கேக்கல போல" என்றார் லாசர், முழங்காலைத் தடவிக்கொண்டு. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 10, திங்கள்

நல்ல மழை. ஜன்னலருகே நாற்காலியைத் திரும்பப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம் மட்டும்தான்.

அது பயத்தைப் போக்கும் என்று நினைத்தேன். போக்கவில்லை. கேட்காத சத்தத்துக்காகவும் காது காத்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

காலையிலேயே கிளம்பினோம். செலின் என் கைப்பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். அவள் கதவைச் சாத்தியபோது என் கண் அந்தக் கைப்பிடியில் இருந்தது. ஹைவேயில் லாரிகள். கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அவள் ஜெபமாலை உருட்டினாள், எனக்காகவா தன் கண்ணுக்காகவா என்று கேட்கவில்லை.

வல்லநாடு தாண்டியதும் சொன்னாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஒரு தடவை மீன் மார்க்கெட் வாசல்ல உன்னைப் பார்த்தேன். இந்த சீட்லதான் இருந்த. சித்திரை வெயிலு. கண்ணாடி முழுக்க ஏத்திருக்கு. உன் சேலையெல்லாம் வேர்வை. நான் தட்டினேன். நீ சிரிச்சுக் கை காட்டின. போன்னு காட்டினியா வான்னு காட்டினியான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. நான் போயிட்டேன்."

"அன்று வெயில் அதிகம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பார்வை மங்கிய அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். செலின் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். இந்தக் காரில் இந்த இடத்தில் அமர்ந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் போல.

"அத்தான் இருந்திருந்தா இந்நேரம் சுத்தி வந்து திறந்து விட்டிருப்பாக" என்றாள்.

"ஆமாம். அவர் வந்துதான் திறந்திருப்பார்."

ரிமோட்டை நான் தொடவில்லை. என் இருக்கையிலேயே இருந்தேன். "உன் பக்கம் ஒரு கைப்பிடி இருக்கிறது, செலின். இழு."

அவள் தடவித் தடவித் தேடினாள். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று இருந்தேன். அவள் விரல் அதைக் கண்டுபிடித்தது. கதவு திறந்தது, வெளியே வெயில், மருந்து வாடை, ஆட்கள். அவள் காலை ஊன்றி இறங்கினாள்.

"லேசாத்தான இருக்கு" என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது கண்ணில் கட்டோடு அதே இருக்கையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வல்லநாட்டில் நிறுத்தி டீ குடித்தேன். பிறகு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, அங்கேயே நின்று, முழுவதையும் குடித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

அந்தக் கைக்குட்டைத் துண்டைச் சோப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்தேன். கறை போகவில்லை. நீல எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நல்ல நூல்.

நயினார் சொல்லிக்கொடுத்தபடி காலையில் பானட்டைத் திறந்து என்ஜின் ஆயில் அளவு பார்த்தேன். அளவுக்கம்பியைத் துடைக்க ஒரு துணி எப்போதும் வேண்டுமாம். இதை அங்கே வைத்துக்கொண்டேன்.